பன்னிரண்டு அடியில் இரண்டு நிமிஷம்

ஏப்ரல் 22, திங்கள்

கல்லூரியில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி இது. இதுவரை கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகளை மட்டும்தான் குறித்து வைத்திருந்தேன். இன்று எழுதக் காரணம், வாய்விட்டுச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. இவரிடம் சொன்னால் காதில் வாங்க மாட்டார். செண்பகாவிடம் சொன்னால் சண்டை வரும். வந்தது.

விஷயம் இதுதான். என் மகள் செண்பகாவுக்கு இருபத்திரண்டு வயது. கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் கடலுக்கடியில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாளாம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நாற்பது அடி, ஐம்பது அடி இறங்க வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி. பயிற்சிக்கு ஒரு சம்மதப் படிவம். தாய், தந்தை இருவரும் கையெழுத்துப் போட்டு ஜூன் 5-க்குள் சேர்க்க வேண்டும்.

இவர் ஷேவ் செய்துகொண்டே போட்டுவிட்டார். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கை, எதை நீட்டினாலும் போடும். படிவத்தின் ஓரத்தில் சோப்பு நுரை வேறு.

நான் போடவில்லை. மகளிர் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நான். படிவங்களை வரி வரியாகப் படித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பு. இந்தப் படிவத்தில் ஒரு குறையும் இல்லை என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

"எம்மா, அப்பா போட்டாச்சு. நீயும் போட்டேன்னா அனுப்பிருவேன்."

"நான் போட மாட்டேன். பேங்க் பரீட்சை எழுதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

"தண்ணியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? இத்தன வருஷமா நீ கணுக்கால் நனையக்கூட எறங்குனது இல்ல."

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஒண்ணு செய்யி. மாநகராட்சி நீச்சல் குளத்துல பன்னெண்டு அடி ஆழத்துல ரெண்டு நிமிசம் நின்னுட்டு வந்து வேண்டாம்னு சொல்லு. நான் போகல. பேங்க் பரீட்சையே எழுதுதேன். நிக்க முடியலைன்னா கையெழுத்துப் போடு."

நின்று காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். ஐம்பத்தொரு வயதில் இது தேவையா என்று சோறு வடிக்கும்போதுதான் தோன்றியது.

ஏப்ரல் 24, புதன்

நீச்சல் குளத்தில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவச் சான்று இல்லையாம். கவுண்டரில் இருந்த ஆள் என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் "அடுத்தது" என்றார். நான்தான் எல்லோரையும் அப்படி அனுப்புவேன். என்னை ஒருவர் அப்படி அனுப்பி இன்றுதான் பார்க்கிறேன். குறை சரியான குறைதான், சண்டை போடவும் வழியில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

சான்று வாங்கிக்கொண்டு போனேன், மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை என்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போய்விட்டேன். எண்ணெய்த் தலையோடு குளத்தில் இறங்கக் கூடாதாம். சொன்னது பயிற்சி கொடுக்கிற பெண், பெயர் ஜெசிந்தா. கடற்கரை ஊர்க்காரி. என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். கழுத்தில் விசில். "சீயக்கா போட்டு அலசிட்டு திங்கக்கெழம வாங்க மேடம்" என்கிறாள், ஏதோ நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஏப்ரல் 29, திங்கள்

இறங்கினேன். மூன்று அடி.

அதற்கு மேல் எழுதத் தெம்பில்லை. அந்த நைலான் உடுப்பைப் போடுவதற்கே பத்து நிமிஷம், கழற்றுவதற்கு இருபது நிமிஷம்.

மே 2, வியாழன்

காலை ஆறரை முதல் ஏழரை வரை பெண்களுக்கான நேரம். எட்டுப் பேர் வருகிறார்கள். மற்ற ஏழு பேரும் நீந்துகிறார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறேன். வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றி, இவருக்குச் சுடுதண்ணீர் வைத்து, தலை காய்வதற்குள் பஸ்ஸைப் பிடித்து அலுவலகம் போனால் ஈரக் கொண்டையைப் பார்த்து எல்லோரும் "வீட்டுல விசேஷமா?" என்கிறார்கள். ஆமாம், பெரிய விசேஷம்.

ஜெசிந்தா சொல்கிறாள், ஆழத்தில் ஓரிடத்தில் தலை மூழ்காமல் அப்படியே இருப்பதற்கு நின்ற நீச்சல் என்று பெயராம். காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்துகொண்டு, சைக்கிள் மிதிப்பது போலக் கால்களை ஓட்ட வேண்டும். கை இரண்டும் தோசைக் கல்லில் மாவு தேய்ப்பது போலப் பக்கவாட்டில் போய் வர வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தில் எதற்கு நிற்க வேண்டும் என்றுதான் புரியவில்லை.

மே 6, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. இனி அலுவலகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. காலையில் குளத்திலும் மூச்சுவிடவில்லை என்று ஜெசிந்தா குறை சொன்னாள்.

"மேடம், தண்ணிய மிதிக்கீங்க, கை சரியாப் போகுது, எல்லாம் சரி. மூச்ச ஏன் புடிச்சு வச்சிருக்கீங்க? கன்னம் ரெண்டும் உப்பிப் போயி கட்ட மாதிரி வெறைச்சுட்டுல்லா நிக்கீங்க."

நான் மூச்சைப் பிடிக்கவில்லை என்றேன். அவள் செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள். பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மே 9, வியாழன்

இன்று முதல் தடவையாக ஆழமான பக்கம். சுவரில் நீலப் பெயிண்டில் 12 என்று எழுதியிருக்கிறார்கள். ஜெசிந்தா ஒரு நீளக் கம்பை நீட்டினாள், அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். "லேசா விட்டுப் பாருங்க" என்றாள். விட்டேன். நேராகக் கீழே போனேன்.

எத்தனை விநாடி என்று தெரியாது. நான்கு என்கிறாள் அவள். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் மேலே வெளிச்சம் ஆடுகிறது. இந்த இடத்தில்தான் அவளும் என்று நினைத்தேன். பிறகு கம்பு கைக்கு வந்தது. மூக்கு, தொண்டை எல்லாம் எரிச்சல். எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதேன், வெட்கமே இல்லாமல்.

இனிமேல் போகப் போவதில்லை. அலுவலகத்தில் இன்று முப்பத்திரண்டு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினேன்.

மே 12, ஞாயிறு

மூன்று நாளாகப் போகவில்லை. செண்பகா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலாவது பதில் சொல்லலாம். படிவத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போனால் அது, தயிர் எடுக்கப் போனால் அது.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் கேட்டார்: "ஏ செல்வி, ஆத்துக்கு வான்னு கூப்பிட்டா பதினெட்டு வருஷமா வரமாட்டேங்க. ஆடி அமாவாசைக்குக் கூட பாத்ரூம்லயே முங்கிக்கிடுத. இப்ப என்ன திடீர்னு நீச்சல்?"

"உங்க மக பண்ணுத வேலதான். ரசம் ஊத்தவா?"

"முன்னால எல்லாம் நல்லாத்தான வந்துட்டு இருந்த. அந்தத் தை அமாவாசைக்கு அப்புறம்..."

"ரசமா மோரா, சொல்லுங்க."

மோர் என்றார். இவரிடம் இது ஒரு நல்ல குணம். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் யோசிக்கத் தெரியாது.

மே 13, திங்கள்

போனேன். நான் போகாவிட்டால் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மே 16, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று பூராவும் அலுவலகத்தில் சேர்க்கைக்கான கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. நூற்றுப் பத்துப் பிள்ளைகள், கூடவே அப்பன், ஆத்தா, சித்தப்பா, எல்லோரும் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். முதல்வர் அறைக்குப் போய்ச் சொன்னால், "நீங்க சமாளிச்சுருவீங்க ஆவுடைச்செல்வி" என்று சிரிக்கிறார். ஏசியில் உட்கார்ந்துகொண்டு. அந்தக் கோபத்தோடுதான் காலையில் குளத்தில் இறங்கினேன். ஆழமான பக்கத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஜெசிந்தாவிடம் கொட்டினேன். முதல்வர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், வரிசையில் புகுந்த ஒரு வட்டாட்சியர், அவருடைய டிரைவர். அவளும் உம் கொட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த டிரைவருக்கு இருக்கிற அதிகாரம்..." என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "மேடம், கம்பு என் கையில இருக்கு."

பார்த்தேன். ஏழடி தள்ளி நிற்கிறாள், கம்பு அவள் தோளில் சாய்ந்திருக்கிறது. என் கை இரண்டும் மாவு தேய்க்கின்றன. காலுக்குக் கீழே பன்னிரண்டு அடி. உடனே மூச்சைப் பிடித்தேன், உடனே மூழ்கினேன்.

தூக்கி விட்ட பிறகு அவளுக்கு ஒரே சிரிப்பு. "நாப்பது விநாடி மேடம்! திட்டும்போது மூச்சு விடுதீங்க. அதான் மெதக்கீங்க. இனிமே இங்க வந்தா திட்டிக்கிட்டேதான் இருக்கணும்."

இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? ஆனால் நாற்பது விநாடி.

மே 18, சனி

திட்டுவதற்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். எதையும் எழுத்தில் வைத்துக்கொண்டால்தான் எனக்கு வேலை ஓடும். முதல்வர். கேஸ் ஏஜென்சி. நாள் விட்டு நாள் குழாயைத் திறக்கிற ஆள். இவருடைய தங்கை, கல்யாண வீட்டில் என் பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்த்து "பழசா?" என்று கேட்டவள். மாவடுவை உப்பில் போடாமல் ஃபேனுக்கடியில் பரப்பிக் காயவைத்த இவர். செண்பகாவின் குற்றங்களை மட்டும் ஆறு எண்ணாகப் பிரித்து எழுதினேன்.

ஐம்பத்தைந்து விநாடி.

மே 22, புதன்

ஒரு நிமிஷம் பத்து விநாடி. இவருடைய தங்கையே இருபது விநாடி தாங்கினாள்.

குளத்துக்கு வரும் மற்ற பெண்கள் நீந்துவதை விட்டுவிட்டு ஓரத்தில் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். "இன்னைக்கு யாரு மேடம்?" என்கிறார்கள். நேற்று விட்ட இடத்தை எனக்கே எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல கூத்து.

மே 27, திங்கள்

ஒரு நிமிஷம் நாற்பது. அதற்கு மேல் போகவில்லை. நான்கு நாளாக அதே நாற்பதில் நிற்கிறது. பட்டியல் தீர்ந்துபோகிறது. திட்டியவர்களையே திரும்பத் திட்டினால் கோபம் வருவதில்லை. கோபம் வராவிட்டால் பயம் வந்துவிடுகிறது.

"வேற யாருமே இல்லையா மேடம்? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள் ஜெசிந்தா.

இல்லை என்றேன்.

மே 30, வியாழன்

சாயங்காலம் வந்தபோது செண்பகா மொட்டை மாடியில் கொடியில் காய்ந்த என் நைலான் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழம வருதேன்மா, நேரம் பாக்க" என்றாள். "அன்னைக்கு முடியலைன்னா செவ்வாக்கெழம கையெழுத்து. புதன்கெழமதான் கடைசி நாளு."

"முடியும். முடிஞ்சதும் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடக் கூடாது."

"தூக்க மாட்டேன்."

அவளுக்குக் கோபமாவது வரலாம். வரவில்லை. என் வயிற்றில் பிறந்துவிட்டு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

மாவரைத்தேன். மெத்தை உறை மாற்றினேன். மாவடு ஊறிவிட்டது, உப்புக் கரிக்கிறது. வேறு ஒன்றும் எழுத இல்லை.

ஜூன் 3, திங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

செண்பகா செல்போனை வைத்துக்கொண்டு ஆழமான பக்கத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜெசிந்தா. மற்ற பெண்கள் எதிர்ப் பக்கத்தில். நான் கம்பியை விட்டேன்.

முதல்வரில் ஆரம்பித்தேன். கேஸ், குழாய், நாத்தனார், எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு செண்பகா. எதிரே உட்கார்ந்திருப்பவளையே திட்டுவது நன்றாக வந்தது. பேங்க் பரீட்சை, வெட்டிய தலைமுடி, சாப்பாட்டு நேரத்தில் நண்டின் வயிற்றைப் பற்றிப் பேசுவது. "ஒண்ணு இருவது" என்றாள் ஜெசிந்தா. அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. பட்டியலில் அடுத்த வரி இல்லை. கன்னம் தானாக உப்ப ஆரம்பித்தது. தண்ணீர் உதட்டுக்கு வந்தது.

"பேசுங்க மேடம்! யாரையாவது திட்டுங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

யாரைத் திட்டுவது? ஒரு ஆள்தான் மிச்சம்.

"அந்தச் சிறுக்கி அன்னைக்கு எறங்கல" என்றேன். என் வாய்தான் சொன்னது. "தை அமாவாச. படித்துறையில கூட்டம். உனக்கு நாலு வயசு. என் கையில இருந்து வழுக்கிட்டே. மூணாம் படிக்கு அங்கிட்டு. முங்கிட்டே. அவ முழங்கால் தண்ணியில நிக்கா. இன்னும் ஒரு படி எறங்கியிருந்தா கை எட்டியிருக்கும். ஒரே ஒரு படி. கால் வரல. கல்லு மாதிரி நின்னா. துணி தொவைச்சுட்டு இருந்த ஒருத்தி பாஞ்சு வந்து உன் முடியப் புடிச்சுத் தூக்குனா. எவளோ ஒருத்தி. பேர் கூடத் தெரியாது. பெத்தவ நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. உங்கப்பாகிட்டச் சொல்லல. வெளையாடி நனைஞ்சிட்டான்னு பொய் சொன்னா. பதினெட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. அவளுக்கு என்ன யோக்கியத இருக்கு, உன்னைப் போகாதேன்னு சொல்ல? நான்தாம்ட்டி அது. நான்தான்."

ஜெசிந்தா கம்பை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். செண்பகா செல்போனைத் தரையில் வைத்தாள்.

"தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணத் தொறந்துதான் இருந்தேன். பச்சையா இருந்துச்சு, எல்லாமே. வெளிச்சம் துண்டு துண்டா உள்ள எறங்கிட்டு இருந்துச்சு. எதுத்தாப்புல உன் காலு தெரிஞ்சுது. கொலுசு, மெட்டி எல்லாம் தெரிஞ்சுது. சேல விரிஞ்சு மெதந்துச்சு. அம்மா இங்கதான நிக்கான்னு இருந்தேன். எனக்குப் பயமாவே இல்லம்மா. முடியப் புடிச்சு இழுத்தப்பதான் வலிச்சு அழுதேன்."

பதினெட்டு வருஷமாக எந்தக் காலை நான் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதைப் பார்த்துக்கொண்டு இவள் பயப்படாமல் இருந்திருக்கிறாள். கண்ணீர் வந்தது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள்: "மேடம், மூணு நிமிசம் தாண்டிருச்சு. நீங்க திட்டுதத நிறுத்தியே ரொம்ப நேரம் ஆச்சு."

குனிந்து பார்த்தேன். கால்கள் தம் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தன.

ஜூன் 4, செவ்வாய்

காலையில் செண்பகா படிவத்தை என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பேங்க் பரீட்சைப் புத்தகத்தையும் வைத்தாள். பேச்சு மாறாத பெண். ஜெயித்தது நான், வேண்டாம் என்று சொல்லும் உரிமை என்னுடையது. அவள் எதையும் கேட்காமல் சட்னிக்குத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

படிவத்தை மறுபடியும் வரி வரியாகப் படித்தேன். கடைசி வரியில் அச்சடித்திருக்கிறது: "மேற்படி பயிற்சியில் என் மகள் சேர்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

சுத்தப் பொய். நாற்பது அடிக்கும் எனக்கு ஆட்சேபணை இருக்கிறது, ஐம்பது அடிக்கும் இருக்கிறது. அந்த சிலிண்டருக்கும், கடலுக்கும், இந்த வரியை எழுதியவருக்கும் இருக்கிறது. அவள் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் வரை தினமும் இருக்கும். உண்மையில்லாத வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதே என்று எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன்.

போட்டேன். தேதியும் போட்டேன்.